பதிமூன்று அங்குலம்

தேங்காய்த்திட்டில் படகைத் தரையேற்றி
மூன்றாம் நாள்.
அடிவயிற்றுச் சிப்பியெல்லாம் சுரண்டி முடித்த பிறகுதான்
அதைச் சரியாகப் பார்த்தோம்.
ஒரு இலை முழுசு.
இன்னொன்று நுனியில்லாமல்
யாரோ கடித்து வைத்த பிஸ்கட்.

கஸ்பார் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டினான்.
நல்ல வெண்கலம் என்றால் மணி மாதிரிப் பேசுமாம்.
இது ஈரச் சுவர் மாதிரி
டொக் என்றது.
உப்புத்தாளால் தேய்த்தான். உள்ளே இளஞ்சிவப்பு.
"துத்தநாகத்தை உப்புத்தண்ணி தின்னுடுச்சு.
மிச்சம் செம்பு.
செம்பு கூட இல்ல சார், செம்போட கூடு."

நாற்பத்தொரு வயதுப் பாய்மரப் படகு.
ஊர் திரும்பிய ஒரு பிரெஞ்சு வாத்தியாரிடம்
நானும் செந்தாமரையும்
பாதிக்குப் பாதி போட்டு வாங்கியது.
அவள் மாட்டு டாக்டர், நான் மூக்குக்கண்ணாடிக் கடை.
அவளுக்குக் காற்று. எனக்குக் கரை.
இதைத் தவிர எங்களுக்குள் வழக்கு கிடையாது.

மூன்று இலை போடலாம் என்றேன்.
முகத்துவாரத்து மணல்மேட்டில் அலை மடியும்போது
தள்ளு வேண்டும்,
பின்னுக்கு இழுத்தால் பிடிப்பு வேண்டும்.
ஐப்பசியில் நடந்தது நினைவிருக்கிறதா?
இஞ்சின் கத்துகிறது, படகு நகரவில்லை,
தடுப்புக் கருங்கற்கள்
அலைக்கு ஒரு முழம் நெருங்கி வருகின்றன.
வீராம்பட்டினத்துப் பையன்கள் கயிறு வீசியிராவிட்டால்...

"இருக்கு" என்றாள்.
"அஞ்சு லிட்டர் டீசல்கூட வாங்க மாட்டேன்னுட்டாங்க."
கொஞ்சம் பொறுத்து:
"வருஷத்துக்கு அந்த வாய்க்குள்ள நாம இருக்கிறது
மொத்தமா எட்டு மணி நேரம்.
மிச்சமெல்லாம் பாய்ல.
எட்டு மணி நேர பயத்துக்காக
வருஷம் பூரா ஒரு வாளியைக் கட்டி இழுக்கணுமா?"

மடங்கும் ரகமும் உண்டு.
பாய் விரித்ததும் குடை மாதிரி மூடிக்கொள்ளும்.
விலை கேட்டோம்.
நாங்களும் மூடிக்கொண்டோம்.

"ரெண்டு இலையா, மூணு இலையா?"
படகுக்கு அடியிலிருந்து கஸ்பார் கத்தினான்.
"ரெட்டை இலை!" என்று அவள் திருப்பிக் கத்த,
பக்கத்து லாஞ்சுக்குப் பெயின்ட் அடித்தவர்
தூரிகையோடு நிமிர்ந்தார்:
"யம்மா, இங்க கட்சி பேசக்கூடாது."

படகு எங்கள் இருவரையும் கேட்கவில்லை.
அச்சிலிருந்து அடிவயிற்றுக்கு எட்டேகால் அங்குலம்.
இலை நுனிக்கு மேலே
ஒன்றரை அங்குலத் தண்ணீராவது வேண்டும்.
பழையது பதினைந்து.
எந்தக் காலத்திலோ யாரோ கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள்.
முக்கால் அங்குலத்தில் மூச்சுமுட்டிச் சுற்றியிருக்கிறது.
அந்த அதிர்வு,
பல்வலி மாதிரிப் பலகை வழியே ஏறி
என் குதிகாலில் வந்து நிற்குமே,
ஒன்பது வருடமாக அதை
இஞ்சினின் குணம் என்றல்லவா நினைத்திருந்தேன்.
சில நாள்
கடலின் குணம் என்றும்.

"பதிமூணுதான் போகும்" என்றான் கஸ்பார்.
"பதிமூணுன்னா மூணு இலை நல்லா தள்ளும்."
என் பக்கம் தீர்ப்பு.
செந்தாமரை ஒன்றும் சொல்லாமல்
கையுறையைக் கழற்றி உதறினாள்.

நான் குனிந்து அச்சைக் கையால் சுற்றினேன்.
ஒடிந்த இலை நின்றபடி நின்றது,
ஏராவுக்குப் பின்னால், அடக்கமாக,
முன்னாலிருந்து பார்த்தால் இருப்பதே தெரியாமல்.

"ரெண்டு" என்றேன். "அகல இலையா பார்.
ஏத்தத் தண்ணி பார்த்துத்தான் உள்ளே வருவோம்."
கஸ்பார் என்னைப் பார்த்தான்.
செந்தாமரை பார்க்கவில்லை.

புதியது சென்னையிலிருந்து
வைக்கோலும் செய்தித்தாளும் சுற்றி வந்தது.
நாணயத்தால் தட்டினோம், மாறி மாறி, நாலு தடவை.
அதை மாட்டி, இலைகளை நெட்டுக்குத்தாக நிறுத்தி,
உள்ளே அச்சின் மேல்பக்கம்
அவள் தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.
பாய் விரித்ததும் இதை மேலே பார்க்கத் திருப்பிப் பூட்டினால்
கீழே இரண்டும் ஏரா நிழலில் ஒளிந்துகொள்ளும்.

பழைய கூட்டை நெல்லித்தோப்பில் எடைக்குப் போட்டேன்.
கடைக்காரரும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.
பித்தளை விலையில் பாதி.

ஐப்பசி வரட்டும்.